செஸ்ஸா, சுடோகுவா, பேக்கேமனா: எதிரே யார் உட்காரப்போகிறார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

"மூளைக்கு வேலை கொடுக்கிற மாதிரி ஏதாவது விளையாடுங்கள்" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். என்ன விளையாடுவது என்று அவர் சொல்லவில்லை, அப்பாவும் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது. பகலில் டிவி, நடுநடுவே தூக்கம், அதனால் ராத்திரி தூக்கம் வராமல் மறுபடியும் டிவி. வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னோம். தங்கை சுடோகு புத்தகம் ஒன்று வாங்கி வந்தாள். நான் அலமாரி மேலே கிடந்த செஸ் பலகையைத் தூசி தட்டி எடுத்தேன். அக்கா மகன் தாத்தாவின் கைபேசியில் மூளைப் பயிற்சிச் செயலி ஒன்றை ஏற்றிக் கொடுத்தான். கடைசியில் நிலைத்தது யாருமே யோசிக்காத பேக்கேமன். நண்பர் ஒருவர் வீடு மாறும்போது எங்களிடம் விட்டுப்போன பெட்டி அது.

அதனால் பேக்கேமன்தான் உசத்தி என்று சொல்ல வரவில்லை. உங்கள் வீட்டில் வேறொன்று நிலைக்கலாம். எது யாருக்கு ஒத்துவரும், உடம்புக்கும் மனசுக்கும் உண்மையில் என்ன கிடைக்கும், எதில் என்ன வில்லங்கம் என்பதைப் பார்த்தும் படித்தும் தெரிந்துகொண்ட வரைக்கும் சொல்கிறேன்.

பேக்கேமன் தெரியாதவர்களுக்கு நாலு வரி. பலகையில் 24 முக்கோணங்கள். ஆளுக்கு 15 காய்கள், எதிரெதிர்த் திசையில் ஓடும். இரண்டு பகடை உருட்டி, விழுந்த எண்ணுக்குக் காய் நகர்த்தி, எல்லாவற்றையும் தன் பகுதிக்குக் கொண்டுவந்து, அப்புறம் பலகையை விட்டே வெளியேற்ற வேண்டும். முதலில் காலி செய்தவர் ஜெயித்தார். ஒற்றையாக நிற்கிற காயை எதிராளி வெட்டலாம். வெட்டுப்பட்ட காய் நடுக்கட்டையில் போய் உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து மறுபடி ஓடி வரவேண்டும். ஒரே இடத்தில் இரண்டு காய் சேர்த்து வைத்தால் அந்த இடம் உங்களுடையது, எதிராளி அங்கே இறங்க முடியாது. ஓட்டமும் வழிமறிப்பும் கலந்த ஆட்டம்.

ஆய்வுகள் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

"மறதி நோய் வராது" என்று எந்த விளையாட்டைப் பற்றி யார் சொன்னாலும் கொஞ்சம் நிதானித்துக்கொள்ளுங்கள். 2003-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். 75 வயது தாண்டிய 469 பேரை ஐந்து வருடம் போலத் தொடர்ந்து கவனித்தார்கள். வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி, நடனம் என்று ஈடுபாடு வைத்திருந்தவர்களுக்கு மறதி நோய் குறைவாக வந்திருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2013-இல் பிரான்சிலிருந்து வந்த ஆய்வு இன்னும் பெரியது: 3,675 பேர், 20 வருடம். பலகை விளையாட்டு ஆடியவர்களுக்கு அபாயம் 15 சதவீதம் குறைவு என்று முதல் கணக்கில் வந்தது. ஆனால் ஆரம்பத்திலேயே அவர்களுடைய அறிவுத்திறன் சோதனை மதிப்பெண் எப்படி இருந்தது, மனச்சோர்வு இருந்ததா என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டதும் அந்த வித்தியாசம் கிட்டத்தட்டக் கரைந்துவிட்டது.

காரணம் ஊகிக்கக்கூடியதுதான். மறதி மெல்ல எட்டிப்பார்க்கும்போது மனிதர்கள் முதலில் கைவிடுவதே இந்த மாதிரி ஆட்டங்களைத்தானே. ஆடியதால் மூளை நன்றாக இருந்ததா, மூளை நன்றாக இருந்ததால் ஆடிக்கொண்டிருந்தார்களா என்கிற முடிச்சு இன்னும் முழுசாக அவிழவில்லை. அதோடு, இந்த ஆய்வுகள் பலகை விளையாட்டுகளை மொத்தமாகப் பார்ப்பவை. செஸ் ஆடினால் இவ்வளவு, பேக்கேமன் ஆடினால் அவ்வளவு என்று அவற்றிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

2024-இல் லான்செட் மருத்துவ இதழின் குழு, மறதி நோய்க்குக் காரணமாகிற, நம்மால் மாற்றக்கூடிய 14 விஷயங்களைப் பட்டியலிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகை, காது கேளாமை, உடலசைவு இல்லாமை, மனச்சோர்வு என்று போகிறது. புதிர் போடாமல் இருப்பது அதில் இல்லை. தனிமை இருக்கிறது. இதைப் படித்த பிறகுதான் அப்பாவுக்கு எந்த ஆட்டம் என்கிற கேள்வியை நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். எந்த ஆட்டத்தில் மூளை அதிகம் வேலை செய்கிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்த ஆட்டத்துக்காக ஒரு மனுஷன் தினமும் அவர் எதிரே வந்து உட்காருவான் என்று கேட்டேன். ஆறு மாதம் கழித்தும் உட்காருவானா?

செஸ் எங்கே தோற்றது

செஸ் ஆழமான ஆட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தெரிந்த இருவர் சமபலத்தில் இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், அதையே எடுங்கள். கவனத்தைக் குவிக்கவும், நாலு நகர்த்தல் தள்ளி யோசிக்கவும் அதைப் போலப் பழக்குகிற ஆட்டம் குறைவு.

சிக்கல், சமபலத்தில் ஆள் கிடைப்பதில்தான். செஸ்ஸில் திறமை வித்தியாசம் ஈவிரக்கமில்லாமல் வெளியே தெரியும். ஆடுபவரின் பலத்தைக் காட்டுகிற தரப்புள்ளியில் (ரேட்டிங்) 400 இடைவெளி இருந்தால் பலம் கூடியவர் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் எடுப்பார் என்பதுதான் அந்தக் கணக்கு முறையின் எதிர்பார்ப்பே. நான் பள்ளியில் செஸ் ஆடியவன், அப்பா காய் நகர்த்தத் தெரிந்தவர், அவ்வளவுதான். முதல் வாரம் தொடர்ந்து தோற்றார். இரண்டாம் வாரம் நான் வேண்டுமென்றே ராணியைக் கொடுத்தேன். அதை அவர் கண்டுபிடித்துவிட்டார். ஒன்றும் பேசாமல் காய்களை எடுத்துப் பெட்டியில் போட்டார். விட்டுக்கொடுத்து ஜெயிக்க வைத்ததுதான் தோற்றதைவிட அவருக்கு வலித்தது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு செஸ் பலகையை நான் மறுபடி இறக்கவில்லை.

பேக்கேமனில் பகடை நடுவில் நின்று அந்த இடைவெளியைக் குறுக்குகிறது. ஒரு தனி ஆட்டத்தில் புதியவர்கூடத் தேர்ந்தவரை ஜெயித்துவிடலாம், நூறு ஆட்டம் ஆடினால் தேர்ந்தவர் முன்னால் இருப்பார். 1979-இல் மான்டே கார்லோவில் ஹான்ஸ் பெர்லினர் எழுதிய கணினி நிரல், அப்போதைய உலகச் சாம்பியன் லூயிஜி வில்லாவை 7-1 என்று தோற்கடித்தது. அறிவார்ந்த ஒரு பலகை விளையாட்டில் உலகச் சாம்பியன் கணினியிடம் தோற்றது அதுவே முதல் முறை. பிறகு ஆட்டங்களை அலசிப் பார்த்தால், நகர்த்தல்களைச் சரியாகச் செய்தவர் வில்லா. நிரலுக்குப் பகடை விழுந்திருக்கிறது, பெர்லினரே அதை ஒத்துக்கொண்டார். சாம்பியனுக்கே அப்படி என்றால் எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் என்ன? யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமலே அவர் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஜெயித்துக்கொண்டிருந்தார். தாத்தாவும் பத்து வயதுப் பேரனும், முப்பது வருடமாக ஆடுபவரும் நேற்றுக் கற்றவரும் ஒரே பலகையில் மரியாதையாக உட்கார முடிகிற ஆட்டம் என்று இதைத்தான் சொல்வேன்.

அதற்காக இதை வெறும் அதிர்ஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பாவுக்கு இந்த ஆட்டம் பிடித்துப்போன தருணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவருடைய ஒற்றைக் காய் என் காயிலிருந்து ஆறு இடம் தள்ளி நின்றது. "ஒரு இடம் தள்ளி வைத்தால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று கேட்டார். தாள் எடுத்துக் கணக்குப் போட்டோம். இரண்டு பகடையில் விழக்கூடிய விதங்கள் மொத்தம் 36. ஆறு இடம் தள்ளி நிற்கிற காயை வெட்ட, ஏதாவது ஒன்றில் ஆறு விழுகிற 11 விதம், அதோடு ஐந்தும் ஒன்றும், நாலும் இரண்டும், இரட்டை மூன்று, இரட்டை இரண்டு (இரட்டை விழுந்தால் அந்த எண்ணை நாலு முறை நகர்த்தலாம்) என்று சேர்த்தால் 17. ஏழு இடம் தள்ளி நின்றால்? ஆறும் ஒன்றும், ஐந்தும் இரண்டும், நாலும் மூன்றும். வெறும் 6. ஒரே ஒரு இடம் தள்ளியதில் ஆபத்து கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. அப்பா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அலுவலகத்தில் முப்பது வருடம் கணக்குப் பார்த்த மனிதர் அவர். கணக்குக்கு மறுபடியும் ஒரு வேலை கிடைத்துவிட்டது.

மனசு விஷயத்தில் பேக்கேமன் தருவது செஸ்ஸில் கிடைக்காத ஒன்று. ஒரு நாள் என் காயை வெட்டி நடுக்கட்டைக்கு அனுப்பியிருந்தார். அவருடைய பகுதியில் நான் நுழைய வேண்டிய ஆறு இடங்களில் ஐந்தை அடைத்தாயிற்று, திறந்திருந்தது ஒரே இடம், அதிலும் அவருடைய ஒற்றைக் காய். நான் உள்ளே நுழைய 36-க்கு 11 வாய்ப்பு. உருட்டினேன், விழுந்துவிட்டது. நுழைந்த கையோடு அந்தக் காயையும் வெட்டினேன். கையில் இருந்த ஆட்டம் போய்விட்டது அவருக்கு. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஆடினது தப்பா?" என்றார். இல்லப்பா, நானாக இருந்தாலும் அதைத்தான் ஆடியிருப்பேன் என்றேன். "அப்போ சரி, அடுக்கு" என்றார். சரியாகச் செய்தும் தோற்கலாம், தப்பாகச் செய்தும் ஜெயிக்கலாம், அதனால் விளைவை ஒரு பக்கம் வைத்துவிட்டு முடிவை மட்டும் எடைபோட வேண்டும் என்பது சொல்லிக்கொடுத்து வருகிற பாடமா? கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அது பலகையில் நடந்துகொண்டே இருக்கிறது. தோல்வியை மென்று விழுங்கத் தெரியாதவர்களுக்கு, ஓய்வுக்குப் பிறகு "என்னால் எதுவும் முடியவில்லை" என்று சுருண்டு போகிறவர்களுக்கு, இதை நான் பரிந்துரைப்பேன்.

மறுபக்கமும் உண்டு. சிலருக்கு அதிர்ஷ்டம் என்றாலே எரியும். நியாயமாக ஆடியும் தோற்றதை இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் சீனோ, இதற்கு மூதாதையான ஓர் ஆட்டத்தில் இரண்டு, ஐந்து, ஆறு என்று உருட்டி, கட்டிவைத்த நிலையையெல்லாம் தன் கையாலேயே கலைக்க வேண்டிவந்தது. அந்தக் கெட்ட பகடையைப் பற்றி அகாத்தியாஸ் என்பவர் பின்னால் கவிதையே எழுதிவைத்தார். பகடையைத் திட்டுவது அவ்வளவு பழைய வழக்கம். திட்டிச் சிரித்துவிட்டுப் போகிறவர்களுக்குச் சரி. ரத்தம் கொதிக்கிறவர்களுக்குச் செஸ்ஸே மேல், அங்கே குறை சொல்லத் தன்னைத் தவிர ஆளில்லை.

தனியாக ஆடுபவை

சுடோகு புத்தகத்தை அப்பா பதினான்காம் பக்கம் வரை போட்டார். பிறகு அந்தப் பக்கத்திலேயே பென்சில் தூங்கியது. கெட்ட விளையாட்டு இல்லை அது. எதிராளி வேண்டாம், எந்த நேரத்திலும் எடுக்கலாம், கீழே வைக்கலாம், சத்தமில்லை, தோல்வியில்லை. கூட்டம் பிடிக்காதவர்கள், நாளெல்லாம் ஆட்களோடு பேசிக் களைத்தவர்கள், ராத்திரி மனசு அடங்க ஏதாவது தேடுகிறவர்கள் எல்லோருக்கும் சுடோகுவைத்தான் சொல்வேன். தனியாக இருப்பதே பிரச்சினையாக இருக்கிற ஒருவருக்குத் தனியாக ஆடுகிற இன்னொன்றைக் கொடுத்தது எங்கள் தவறு.

குறுக்கெழுத்து இதைவிட ஒரு படி மேல் என்பது என் கருத்து. வார்த்தை தெரியாதபோது அடுத்த அறையிலிருப்பவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம், அங்கே பேச்சு ஆரம்பிக்கும். இதற்கு ஆதரவாக ஓர் ஆய்வும் உண்டு. லேசான நினைவுத் தடுமாற்றம் இருந்த 107 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் குறுக்கெழுத்தும் மறுபாதிக்கு மூளைப் பயிற்சி விளையாட்டுகளும் கொடுத்து 78 வாரம் பார்த்தார்கள். இரண்டுமே கணினியில்தான். குறுக்கெழுத்துப் போட்டவர்கள் அறிவுத்திறன் சோதனையில் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். 2022-இல் வெளியானது. சின்ன ஆய்வு, அதை வைத்துத் துள்ளிக் குதிக்க வேண்டியதில்லை.

செயலிகளைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஒரு செயலியில் பழகினால் அந்தச் செயலியில் கெட்டிக்காரர் ஆகிறோம் என்பதற்கு ஆதாரம் நிறைய, அந்தக் கெட்டிக்காரத்தனம் அன்றாட வாழ்க்கைக்குள் வருகிறது என்பதற்கு ஆதாரம் குறைவு. 2016-இல் அமெரிக்க வணிக ஆணையம், ஆதாரமில்லாமல் பெரிதாக விளம்பரம் செய்ததாக லுமோசிட்டி என்கிற மூளைப் பயிற்சிச் செயலியின் நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்து, அது 20 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. நேர்மையாகச் சொன்னால் செஸ்ஸுக்கும் பேக்கேமனுக்கும் கூட இதே சந்தேகம் பொருந்தும். பலகையில் கூர்மையானவர் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடாமல் இருப்பார் என்பதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். அப்பா இன்னும் கண்ணாடியைத் தேடுகிறார்.

பேக்கேமன்தான் என்றால்: பலகையா, திரையா?

கைபேசியிலும் பேக்கேமன் ஆடலாம். ராத்திரி இரண்டு மணிக்கும் எதிராளி கிடைப்பார். அதுதான் அதன் வசதி, அதுதான் தொல்லையும். தூக்கம் சரியில்லாதவருக்கு இது வேண்டவே வேண்டாம். இன்னொரு விஷயம், செயலி உங்கள் வேலையை எடுத்துச் செய்துவிடும். எங்கே நகர்த்தலாம் என்று வெளிச்சம் போட்டுக்காட்டும், இன்னும் எத்தனை இடம் ஓட வேண்டும் என்று கூட்டிச் சொல்லிவிடும். ஆரம்பத்தில் இரண்டு பக்கமும், எல்லாக் காய்களுக்கும் சேர்த்து, 167 இடம் ஓட வேண்டும். அங்கிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் யார் முன்னால் இருக்கிறார் என்று மனக்கணக்காகப் போடுவதுதான் ஆட்டத்திலேயே நல்ல மூளைப் பயிற்சி. அதைத் திரையிடம் கொடுத்துவிட்டு நாம் என்ன செய்ய?

கற்றுக்கொள்ள மட்டும் கணினியை விட்டால் வேறில்லை. க்னூ பேக்கேமன் போன்ற இலவச மென்பொருள், ஆடி முடித்த ஆட்டத்தை அலசி, எது பகடையின் வேலை, எது உங்கள் பிழை என்று தனித்தனியாகக் காட்டிவிடும். "பகடை சரியில்லை" என்று சொல்லிக்கொண்டே திரிகிறவர்களுக்குக் கசப்பு மருந்து.

பலகையென்றால் உடம்பு சம்பந்தமான சில சின்ன விஷயங்களைக் கவனியுங்கள். விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்குத் தடித்த, பெரிய காய்களாகப் பாருங்கள், பயணப் பெட்டியில் வருகிற சின்னக் காய்களும் காந்தக் காய்களும் ஆகாது. கண் மங்கலானவர்களுக்கு இரண்டு காய் நிறங்களும் பலகை நிறத்திலிருந்து நன்றாகப் பிரிந்து தெரிய வேண்டும். காதில் கேட்புக் கருவி வைத்திருப்பவர்களுக்கு மரப்பலகையில் பகடை விழுகிற சத்தம் மண்டையில் அடிப்பது போலிருக்கும். துணியோ கார்க்கோ ஒட்டிய பலகை, உள்ளே தோல் வைத்த குவளை என்று எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. அப்பாவுக்கு எதிரே இப்போது உட்காருகிற பக்கத்து வீட்டுப் பெரியவருக்காக நாங்கள் பலகையில் ஒரு மெல்லிய கம்பளித்துணி விரித்தோம்.

உட்கார்ந்தே ஆடுகிற ஆட்டம்தான் இது, நடைக்கு மாற்று இல்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலசைவு என்கிற உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பகடை உருட்டுவது சேராது. ஆட்டம் சின்னது என்பதால் இரண்டு ஆட்டத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்துவிட்டு வரலாம், செஸ்ஸில் அது கஷ்டம்.

பணம் என்று வந்தால்

இந்த ஒரு இடத்தில் பேக்கேமன் மற்றவற்றைவிட ஆபத்தானது. பெட்டியில் 2, 4, 8 என்று தொடங்கி 64 வரை எண் போட்ட ஒரு பெரிய கட்டை இருக்கும். 1920-களில் நியூயார்க்கில் புழக்கத்துக்கு வந்த இரட்டிப்புக் கட்டை அது. ஆட்டத்தின் நடுவில் "பந்தயத்தை இரண்டு மடங்காக்குகிறேன்" என்று எதிராளியிடம் நீட்டலாம், அவர் ஏற்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டத்தைவிட்டு விலக வேண்டும். ஆட்டத்துக்குக் கூர்மை தருகிற அருமையான கண்டுபிடிப்பு. பந்தயம் பணமாக இருந்தால் அதே கட்டை சில ஆட்டத்திலேயே கையை மீறிப் போகும். விட்டதைப் பிடிக்கிறேன் என்று இன்னொரு ஆட்டம், இன்னொரு இரட்டிப்பு. சூதாட்டக் கோளாறை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-லிருந்து போதைப் பழக்கங்களோடு சேர்த்தே வகைப்படுத்துகிறது. வீட்டில் யாருக்காவது சூதுப் பழக்கம் இருந்திருந்தால், அதிலிருந்து மீண்டு வந்துகொண்டிருந்தால், பகடை இருக்கிற எதையும் வாங்காதீர்கள். குறுக்கெழுத்தோ செஸ்ஸோ போதும். மற்றவர்கள் கட்டையைப் புள்ளிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஏழு புள்ளி எடுத்தவர் ஜெயித்தார் என்கிற மாதிரி.

சரி, வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். யாருக்காக வாங்குகிறீர்களோ அவரோடு வாரத்தில் மூன்று நாள் உட்காரக்கூடியவர் யார் என்று பெயரைச் சொல்லிப் பாருங்கள். சமபலமுள்ள பெயர் வந்தால் செஸ். நான்கு பெயர் வந்தால் சீட்டில் பிரிட்ஜ்கூடக் கற்றுக்கொள்ளலாம். வயதிலோ திறமையிலோ ஒத்துவராத பெயர் வந்தால், பேரனோ மருமகளோ பக்கத்து வீட்டுக்காரரோ, பேக்கேமன். யார் பெயரும் வரவில்லையென்றால் குறுக்கெழுத்து, அதோடு வாரம் ஒருமுறையாவது ஆட்கள் கூடுகிற இடம் ஒன்றையும் தேடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது சாயங்காலம் ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் வருகிறார். எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இடம் கிடைக்கிறது. யார் எத்தனை புள்ளி என்று அப்பா தேதி போட்டு எழுதிவைக்கிறார், சுடோகு புத்தகத்தின் பதினைந்தாம் பக்கத்திலிருந்து.